கேம்பிரியன் தொடங்கியது 57 கோடி ஆண்டுகளுக்கு முன்பா, 53.88 கோடி ஆண்டுகளுக்கு முன்பா?

கேள்வி இதுதான். பழைய கல்லூரிப் பாடநூல் ஒன்றில், பூமியின் வரலாற்றை நிலவியலாளர்கள் பிரித்த காலங்களில் ஒன்றான கேம்பிரியன் காலம் 57 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த நூலொன்று 54.1 கோடி என்கிறது. இப்போதைய பன்னாட்டு நிலவியல் கால அட்டவணையோ 53.88 கோடி என்கிறது. இவற்றுள் எது சரி, இந்த எல்லைகளைத் தீர்மானிப்பவர்கள் யார், எல்லாக் காலங்களையும் ஐந்து கோடி, பத்துக் கோடி ஆண்டுகள் என்று சமமாகப் பிரித்துவிட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. நிலவியலாளர்கள் காலத்தைப் பிரித்தபோது அவர்கள் கையில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. பாறை அடுக்குகள் மட்டுமே இருந்தன. கேம்பிரியன், டெவோனியன், ஜுராசிக், கிரெட்டேஷியஸ் ஆகிய பெயர்கள் அனைத்தும் 1840க்குள் வழக்கில் வந்துவிட்டன. பாறையின் வயதை ஆண்டுக் கணக்கில் அளக்கும் முறையோ 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. எல்லை முதலில் பாறையில் குறிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு எத்தனை வயது என்பது பின்னர் அளக்கப்பட்டது, இன்றும் அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் நூல்களில் மாறியிருப்பவற்றுள் பெரும்பகுதி அந்த அளவீடுதான்.

நம் கல்வெட்டுகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'இராசராச தேவர்க்கு யாண்டு இருபத்தொன்பதாவது' என்றுதான் இருக்குமே தவிர, கி.பி. 1014 என்று இருக்காது. அரசன் முடிசூடியது 985இல் என்று பிற சான்றுகளைக் கொண்டு கணித்த பிறகே அந்த யாண்டை நாம் கி.பி.க்கு மாற்றுகிறோம். நாளைக்கு வேறொரு சான்று கிடைத்து முடிசூட்டிய ஆண்டு ஓராண்டு முன்பின்னாக நகர்ந்தாலும், இருபத்தொன்பதாவது யாண்டு இருபத்தெட்டாவதற்குப் பின்னால் வந்தது என்பது நகராது. கல்வெட்டில் உள்ள எழுத்தும் மாறாது. நிலவியலில் கேம்பிரியன், ஆர்டோவீசியன் என்பவை ஆட்சியாண்டுகளைப் போன்றவை, 53.88 கோடி என்பது கி.பி. கணக்கைப் போன்றது.

பாறையில் காலத்தைப் படிப்பதற்கான முதல் விதி மிக எளியது. ஏரியைத் தூர்வாரும்போது வெட்டிய பக்கச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மழைக்காலமும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் பட்டைபட்டையாகத் தெரியும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. டென்மார்க்கைச் சேர்ந்து இத்தாலியில் பணியாற்றிய நிக்கோலஸ் ஸ்டீனோ 1669இல் இதை விதியாகவே எழுதிவைத்தார். ஆனால் இந்த விதி ஒரே சுவருக்குத்தான் உதவும். நம் ஊர் ஏரியில் நான்கடி ஆழத்தில் இருக்கும் கருப்புப் பட்டையும், நூறு மைல் தள்ளி இன்னொரு ஏரியில் இருக்கும் கருப்புப் பட்டையும் ஒரே ஆண்டில் படிந்தவையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித். தோண்டத் தோண்ட வெளிப்பட்ட அடுக்குகளில், ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும், அவை எங்கே போனாலும் அதே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதையும் அவர் கண்டார். சுண்ணாம்புக்கல் எந்தக் காலத்திலும் உருவாகலாம், களிமண்ணும் அப்படியே. ஆனால் ஒருமுறை அற்றுப்போன உயிரினம் மறுமுறை தோன்றுவதில்லை. ஆகவே பாறையின் வகையைவிட அதில் உள்ள உயிரின் எச்சமே காலத்துக்கு நம்பகமான அடையாளம். இந்த முறையைக் கொண்டு அவர் 1815இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு வெளியிட்ட பாறை வரைபடம்தான் பின்வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

பெயர்கள் பிறந்த விதத்தில் எந்த ஒழுங்கும் கிடையாது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வைத்தவை அல்ல என்பதால், ஒவ்வொரு பெயரும் அதைச் சூட்டியவர் நின்ற இடத்தின் வாசனையோடு இருக்கிறது. ஜுராசிக் என்பது பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள ஜூரா மலையின் பெயர். டெவோனியன் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலிருந்தும், பெர்மியன் ருஷ்யாவின் பெர்ம் நகரத்திலிருந்தும் வந்தவை. கார்பனிஃபெரஸ் என்றால் நிலக்கரி தாங்கியது என்று பொருள். கிரெட்டேஷியஸ், சாக்குக் கட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிரையாசிக் என்ற பெயருக்கு ஜெர்மனியில் அந்தப் பாறைகள் மூன்று தெளிவான பிரிவுகளாகக் கிடந்ததைத் தவிர வேறு காரணமில்லை. நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் மட்டும் வேறு வழியில் போனார். ஓர் அடுக்கில் கிடைக்கும் சிப்பி, நத்தை வகைகளில் எத்தனை விழுக்காடு இன்றும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி, மிகக் குறைவாக இருந்தால் இயோசீன், சற்றுக் கூடினால் மையோசீன், இன்னும் கூடினால் பிளையோசீன் என்று 1833இல் வகுத்தார். இயோசீனில் அந்த விழுக்காடு மூன்றரை அளவில்தான் இருந்தது, மையோசீனில் பதினேழு. பெயரின் முடிவிலுள்ள 'சீன்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'புதியது' என்று பொருள்.

வேல்ஸ் நாட்டுக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலப் பிரிவுகளை ஏன் ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆடம் செட்ஜ்விக், ராடெரிக் மர்ச்சிசன் என்ற இரு நண்பர்கள் 1831இல் அங்கே பழம்பாறைகளை ஆராயத் தொடங்கினார்கள். செட்ஜ்விக் வடக்கேயிருந்து, பழைய அடுக்குகளிலிருந்து மேல்நோக்கி வந்தார். மர்ச்சிசன் தென்கிழக்கு எல்லைப்புறத்திலிருந்து, இளைய அடுக்குகளிலிருந்து கீழ்நோக்கிப் போனார். முன்னவர் தம் பாறைகளுக்கு வேல்ஸின் பழைய லத்தீன் பெயரான கேம்பிரியாவைக் கொண்டு கேம்பிரியன் என்று பெயரிட்டார். பின்னவர் அங்கு வாழ்ந்த சிலூரஸ் என்ற தொல்குடியின் பெயரால் சைலூரியன் என்று பெயரிட்டார். 1835இல் இருவரும் சேர்ந்தே அறிவித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, கேம்பிரியனின் மேல்பகுதியும் சைலூரியனின் கீழ்ப்பகுதியும் ஒரே பாறைகள் என்பது. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. நட்பு முறிந்தது; கடைசிவரை ஒட்டவில்லை. இருவரும் இறந்த பின், 1879இல், சார்ல்ஸ் லாப்வொர்த் என்ற பள்ளி ஆசிரியர் வழி கண்டார். கிராப்டோலைட் என்னும், பென்சில் கோடு இழுத்ததுபோல் கருங்களிக்கல்லில் படிந்து கிடக்கும் சிறு கடலுயிர்களை ஸ்காட்லாந்தில் பல ஆண்டுகள் வரிசைப்படுத்திய அவர், வழக்குக்குரிய நடுப்பகுதியின் உயிர்கள் மேலுள்ளவற்றோடும் சேராமல் கீழுள்ளவற்றோடும் சேராமல் தனித்து நிற்பதைக் காட்டினார். அப்பகுதிக்கு இன்னொரு வேல்ஸ் தொல்குடியின் பெயரால் ஆர்டோவீசியன் என்று பெயர் வைத்தார். அதைப் பன்னாட்டு நிலவியல் மாநாடு முறைப்படி ஏற்றுக்கொண்டது 1960இல்.

இப்படி வந்துசேர்ந்த பெயர்களை இன்று ஐந்து படிகளில் அடுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இயான், ஈரா, பீரியட், எபோக், ஏஜ் என்று வழங்கும் இவற்றுக்குத் தமிழ் நூல்களில் இன்னும் ஒருமித்த சொற்கள் இல்லை. நான் பேரூழி, ஊழி, காலம், சகாப்தம், கட்டம் என்று எழுதுகிறேன். ஃபனரோசோயிக் பேரூழிக்குள் மீசோசோயிக் ஊழி, அதற்குள் கிரெட்டேஷியஸ் காலம், அதற்குள் பிற்பட்ட கிரெட்டேஷியஸ் சகாப்தம், அதற்குள் மாஸ்ட்ரிக்டியன் கட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அது இறங்கும். இதற்கு இணையாக இன்னொரு ஏணியும் உண்டு. மாணவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். கிரெட்டேஷியஸ் காலம் என்பது கடந்துபோன நேரம். அந்த நேரத்தில் உலகெங்கும் படிந்த பாறைகள் அனைத்தும் சேர்ந்தது கிரெட்டேஷியஸ் தொகுதி. நேரத்தைப் பேசும்போது முற்பட்டது, பிற்பட்டது என்கிறோம். பாறையைப் பேசும்போது கீழ், மேல் என்கிறோம். ஒரு டைனசோர் வாழ்ந்தது பிற்பட்ட கிரெட்டேஷியஸில் என்று வைத்துக்கொள்வோம். அதன் எலும்பு கிடைப்பது மேல் கிரெட்டேஷியஸில். சொல் நுணுக்கமாகத் தோன்றினாலும் இது வெறும் சொல் நுணுக்கம் அன்று. நேரம் எங்கும் இடைவிடாமல் ஓடியது. பாறை அப்படி எங்கும் இடைவிடாமல் படியவில்லை. ஓரிடத்தில் கடல் பின்வாங்கியிருந்தால் அந்தக் காலத்துப் பாறையே அங்கு இருக்காது, அல்லது படிந்ததும் பிறகு அரித்துக்கொண்டு போயிருக்கும்.

இந்த இடைவெளிகள்தாம் பழைய முறையைச் சிக்கலில் தள்ளின. 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர்கள் ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்தபோது, ஏதாவது ஓர் ஊரில் அந்தப் பாறை நன்றாகத் தெரியும் இடத்தை அதன் மாதிரியாகக் கொண்டார்கள். ஓர் ஊரில் ஒரு கட்டத்தின் அடியும் முடியும், இன்னோர் ஊரில் அடுத்த கட்டத்தின் அடியும் முடியும் என்று வைத்துக்கொண்டதால், முதலாவதின் முடிவுக்கும் இரண்டாவதின் தொடக்கத்துக்கும் நடுவே எந்தப் பெயருக்கும் சேராத பல லட்சம் ஆண்டுகள் விடுபட்டுப் போயிருக்கலாம். அல்லது கேம்பிரியன், சைலூரியன் கதையில் நடந்ததுபோல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம்.

1960களில் எட்டிய தீர்வு எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியை மட்டும் வரையறுப்பது; முடியை வரையறுக்காமல் விடுவது. அடுத்த கட்டத்தின் அடி எதுவோ அதுவே இதன் முடி. இடைவெளிக்கும் வழியில்லை, மேலேறுவதற்கும் வழியில்லை. அந்த அடியை உலகில் ஒரேயோர் இடத்தில், ஒரேயொரு பாறைச் சுவரில், ஒரேயொரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். முறையான பெயர் நீளமானது என்பதால் நிலவியலாளர்கள் அதை 'கோல்டன் ஸ்பைக்', அதாவது தங்க ஆணி என்றே பேச்சில் சொல்கிறார்கள். முதல் ஆணி 1972இல் மாண்ட்ரியால் மாநாட்டில், அன்றைய செக்கோஸ்லொவாக்கியாவின் பொஹீமியாப் பகுதியிலுள்ள க்ளோங்க் என்ற மலைச்சரிவுக்குக் கிடைத்தது. மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ் என்னும் கிராப்டோலைட் முதலில் தலைகாட்டும் அடுக்கே டெவோனியனின் அடி என்று முடிவாயிற்று. பெயர் டெவனிலிருந்து, ஆணி பொஹீமியாவில்.

இப்போது இதைப் பார்த்துக்கொள்பவர்கள் பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியமும், அதன் கீழ் இயங்கும் பன்னாட்டுப் பாறையடுக்கியல் ஆணையமும். ஒவ்வோர் எல்லைக்கும் முதலில் ஒரு பணிக்குழு பல நாடுகளிலுள்ள பாறைச் சுவர்களை ஒப்பிட்டு ஒன்றை முன்மொழியும். பிறகு அந்தக் காலத்துக்குரிய துணை ஆணையம், அடுத்து ஆணையம், கடைசியாக ஒன்றியம் என்று மேலேறிப் போகும். நடுப்படிகளில் அறுபது விழுக்காடு வாக்கு வேண்டும். படிவு அந்த இடத்தில் இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும், பாறை மடிந்து நொறுங்கியிருக்கக் கூடாது, புதைபடிவம் தவிர ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) விகித மாற்றம், பூமியின் காந்தப்புலத் திருப்பம் போன்ற வேறு அடையாளங்களும் இருக்க வேண்டும், எந்த நாட்டு ஆய்வாளரும் போய்ப் பார்க்கும்படி வழி திறந்திருக்க வேண்டும். நிபந்தனைகள் கடுமையானவை. கிரெட்டேஷியஸ் காலத்தின் அடிக்கு ஆணி அடிக்கப் பல பத்தாண்டுகளாக முயன்றும் உடன்பாடு எளிதில் வரவில்லை என்பதிலிருந்தே இது எவ்வளவு கடினம் என்று புரியும்.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடப்பது என்று எண்ண வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரை ஒட்டி, மழைநீர் அரித்த செம்மஞ்சள் களிமண் ஓடைகள் இருக்கின்றன. புல்லே முளைக்காத அந்த மேடுகளில் ஜிப்சம் நரம்புகள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளாக மின்னும். குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா வடிவில், விரல் நீளத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் கையில் அகப்படும். கணவாயின் தொல்லுறவான பெலெம்நைட்டின் உடலுக்குள் இருந்த திடப்பகுதி அது. மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம், முதல் பெலெம்நைட்டைக் கண்டெடுக்கும் வரை இது கடலாக இருந்தது என்பதை அவர்கள் மனம் ஏற்பதில்லை. எடுத்த பிறகு சொல்லவே வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இலேயே விவரித்தார். நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்தார். இவை உள்ளூர்ப் பெயர்கள்; பாறையின் தன்மையையும் கிடக்கும் இடத்தையும் பார்த்து வைத்தவை. காலத்தைச் சொல்ல வேண்டுமானால் உலகப் பெயர்களுக்குத்தான் போக வேண்டும். காரைக் களிமண்ணில் கிடைக்கும், சுருள் ஓடுள்ள கணவாய் உறவினங்களான அம்மோனைட்டுகளையும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒற்றைச் செல் கடலுயிர்களான ஃபொராமினிஃபெராக்களையும் கொண்டு பார்த்தால் அது ஆல்பியன், செனோமேனியன், டுரோனியன் கட்டங்களைத் தொட்டு நிற்கிறது. ஆல்பியன் பிரான்சின் ஓப் ஆற்றின் பழம்பெயரிலிருந்து வந்தது. செனோமேனியன் ல மான் நகரின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. டுரோனியன் தூர் நகரைச் சார்ந்த பகுதியின் பெயர். இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. டுரோனியனின் பெயர் பிரான்சில் இருந்தாலும், அதன் தங்க ஆணி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் புவேப்லோ என்ற இடத்தில், வாட்டினோசெரஸ் டெவொனென்ஸ் என்னும் அம்மோனைட் முதலில் தோன்றும் அடுக்கில் இருக்கிறது; அதன் வயது 9.39 கோடி ஆண்டுகள். எனவே காரையில் நிற்கும் ஒருவர், 'எந்த அடுக்கிலிருந்து டுரோனியன் தொடங்குகிறது?' என்று கேட்டால், கொலராடோவின் அந்தப் புள்ளிக்குச் சமகாலமான அடுக்கு இங்கே எது என்பதுதான் அந்தக் கேள்வியின் முழுப்பொருள். அதே அம்மோனைட் இங்கே கிடைக்காமல் போகலாம். அப்போது கடல்நீரின் கார்பன் ஐசோடோப்பு விகிதம் அந்த எல்லைக்குச் சற்று முன்னே உலகெங்கும் திடீரென்று ஏறிய தடயத்தைத் தேட வேண்டும். ஒன்றை ஒன்றோடு பொருத்திப் பார்க்கும் இந்த வேலைதான் பாறையடுக்கியலாளரின் அன்றாடம்.

தங்க ஆணி என்பது எவ்வளவு நுண்ணிய புள்ளி என்பதைச் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்திலுள்ள மெய்ஷான் கல்குவாரியில் காணலாம். பெர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லை அங்கே 27 என்று எண்ணிடப்பட்ட சுண்ணாம்புக்கல் அடுக்கின் நடுவில் இருக்கிறது. ஒரு சாண் தடிமன்கூட இல்லாத அந்த ஒற்றை அடுக்குக்குள்ளேயே பேலியோசோயிக் ஊழி முடிந்து மீசோசோயிக் ஊழி பிறக்கிறது. கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்த பேரழிவு அதற்குச் சற்றுக் கீழே நடந்து முடிந்துவிட்டது. எல்லையை அழிவின் மீது வைக்காமல், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனொடான்டின் (பல் போன்ற நுண்ணிய எச்சங்களை விட்டுச்சென்ற கடலுயிரின்) முதல் தோற்றத்தின் மீது வைத்தார்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது. அழிவு என்பது ஒவ்வோரிடத்திலும் சற்று முன்பின்னாகத் தெரியும். இல்லாததைத் தேடுவதைவிட இருப்பதைத் தேடுவது எளிது. இதில் நமக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று உண்டு. டிரையாசிக்கின் முதல் கட்டத்துக்கு இந்துவன் என்று பெயர். அது சிந்து நதியின் பெயர்.

இப்போது உங்கள் கேம்பிரியனுக்கு வருவோம். அதன் ஆணி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஃபார்ச்சூன் ஹெட் என்ற கடற்கரைப் பாறையில் 1992இல் அடிக்கப்பட்டது. ட்ரெப்டிக்னஸ் பீடம் என்ற சுவடு முதலில் தோன்றும் அடுக்கு என்பது தேர்வுக்கான காரணம். அது உடலின் எச்சம் அன்று. புழு போன்ற ஓர் உயிர் கடல் தரையைத் துளைத்துக் கிளைகிளையாக மேய்ந்துபோன தடம். சில ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பாறையில் ஆணிக்குச் சில மீட்டர் கீழேயும் அந்தத் தடம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் எல்லை கீழே இறங்கிவிட்டதா? இல்லை. புதைபடிவம் ஆணியை எங்கே அடிப்பது என்று வழிகாட்டியது. அடித்த பிறகு வரையறை என்பது பாறையிலுள்ள அந்தப் புள்ளிதான். மாற்ற வேண்டுமென்றால் முன்மொழிவு, வாக்கெடுப்பு என்று முழு நடைமுறையும் மறுபடி நடக்க வேண்டும். அதுவும் ஏற்பு கிடைத்துப் பத்தாண்டுகள் கழிந்த பிறகே முடியும்.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. எரிமலை வெடிக்கும்போது காற்றில் பறந்து கடலில் விழும் சாம்பலில் சிர்க்கான் என்னும் நுண்படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தைத் தம்முள் ஏற்கும், காரீயத்தை ஏறத்தாழ முழுமையாகத் தள்ளிவிடும். யுரேனியம் மாறா வேகத்தில் சிதைந்து காரீயமாக மாறுவதால், இன்று அப்படிகத்தில் உள்ள இரண்டின் விகிதமே அதன் வயது. யுரேனியம்-238இல் பாதி சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த வழியில் முதன்முதலில் நம்பத்தக்க கணக்குப் போட்டவர் ஆர்தர் ஹோம்ஸ். 1911இல், அவர் இருபத்தொரு வயது இளைஞராக இருந்தபோது, நார்வேயின் டெவோனியன் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டுகள் என்று கண்டார். இன்றைய அளவிலும் அது டெவோனியனுக்குள்ளேயே விழுகிறது.

மெய்ஷானில் எல்லைக்கு மேலும் கீழும் சாம்பல் அடுக்குகள் இருப்பதால், டிரையாசிக்கின் அடி 25.1902 கோடி ஆண்டுகள் என்று சில பத்தாயிரம் ஆண்டுப் பிழைக்குள் சொல்ல முடிகிறது. ஃபார்ச்சூன் ஹெட்டுக்கு அந்த நற்பேறு இல்லை. அந்த எல்லையை ஒட்டி அளக்கத்தக்க சாம்பல் அங்கே கிடையாது. ஆகவே வேறு நாட்டுப் பாறைகளில் அதே காலத்துக்குரிய அடுக்கைத் தேடி, அங்குள்ள சாம்பலை அளந்து, அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஓமான் நாட்டுச் சாம்பலை வைத்து வந்தது 54.1 கோடி. பிறகு நமீபியாவில் எல்லைக்கு இன்னும் நெருக்கமாகக் கிடைத்த சாம்பல் 53.88 கோடியைத் தந்தது. 57 கோடி என்பது இவ்வளவு நுண்மையான கருவிகளும் தங்க ஆணியும் வருவதற்கு முந்தைய மதிப்பீடு. மூன்றும் அந்தந்த ஆண்டின் சிறந்த அளவையே தந்திருக்கின்றன.

சமமாகப் பிரித்தால் என்ன என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம் புராணக் கணக்கில் கலியுகம் 4,32,000 ஆண்டுகள், துவாபரம் அதன் இருமடங்கு என்று எண் முதலில் வருகிறது. சங்க காலம், பல்லவர் காலம், நாயக்கர் காலம் என்று வரலாற்றைப் பிரிக்கும்போது சான்று முதலில் வருகிறது. அவை சம நீளமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சைலூரியன் சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளே நீடித்தது. கிரெட்டேஷியஸ் எட்டுக் கோடியை நெருங்குகிறது. நாம் வாழும் குவாட்டர்னரிக்கு இன்னும் 26 லட்சம் ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. களத்தில் நிற்பவருக்கு 20 கோடி ஆண்டு என்ற முழு எண் எந்தப் பாறையிலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புதிய அம்மோனைட் தெரியும்.

அதேசமயம், எண்ணைக் கொண்டே பிரித்த பகுதி ஒன்றும் உண்டு. அதுதான் அளவில் மிகப் பெரியது. கேம்பிரியனில் தொடங்கி இன்றுவரை நீளும் ஃபனரோசோயிக் முழுவதும் சேர்ந்தும் பூமியின் 456.7 கோடி ஆண்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான். அதற்கு முந்தைய ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டரோசோயிக் பேரூழிகளில் மேலோடும் எலும்பும் உள்ள உயிர்கள் ஏறத்தாழ இல்லை. பாறைகளும் வெந்து உருமாறிக் கிடக்கின்றன. அங்கே ஆர்க்கியனும் புரோட்டரோசோயிக்கும் பிரியும் எல்லை 250 கோடி ஆண்டுகள் என்றும், அதற்குள் 160 கோடி, 100 கோடி என்றும் முழு எண்களாகவே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி இத்தகைய பழம்பாறைதான். நீலகிரியின் சார்னோகைட் என்னும் கடினப் பாறை ஏறத்தாழ அந்த 250 கோடி எல்லையை ஒட்டிய வயதுடையது. ஆனால் முழு எண் என்பது வேறு வழியில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு. அதை மெல்ல மெல்லப் பாறை எல்லைகளாக மாற்றிவருகிறார்கள். 2004இல் தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் எடியாக்கரன் காலத்துக்கு ஆணி அடித்தது இதில் பெரிய திருப்பம். உலகளாவிய பனியுறைவு முடிந்து உடனே படிந்த சுண்ணாம்பு அடுக்கின் அடியே அந்த எல்லை; வயது ஏறத்தாழ 63.5 கோடி ஆண்டுகள்.

அண்மைக் காலத்தைப் பிரிப்பதில்தான் சண்டை அதிகம். குவாட்டர்னரியின் முதல் சகாப்தமான பிளீஸ்டோசீன் எங்கே தொடங்குகிறது என்பதில் பல்லாண்டு வழக்கு நடந்து, 2009இல் அதன் அடியையும் குவாட்டர்னரியின் அடியையும் 18 லட்சம் ஆண்டிலிருந்து 25.8 லட்சம் ஆண்டுக்குக் கீழிறக்கினார்கள். இங்கே மாறியது எண் மட்டுமன்று. ஆணியே இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து சிசிலிக்கு இடம் மாறியது. உங்கள் பழைய நூலில் பிளீஸ்டோசீனுக்கு வேறு எண் இருந்தால் காரணம் இதுதான், கேம்பிரியனின் காரணம் அன்று.

அதற்கு அடுத்ததும் நாம் வாழ்வதுமான ஹோலோசீன் சகாப்தத்தை 2018இல் மூன்று கட்டங்களாகப் பிரித்தபோது, கடைசிக் கட்டத்துக்கு மேகாலயன் என்று பெயர் வைத்தார்கள். மேகாலய மாநிலத்தில் சோஹ்ராவை (சிரபுஞ்சியை) ஒட்டிய மௌம்லூ குகையின் கசிதுளிப் படிவு ஒன்றே அதன் ஆணி. குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்து வளர்ந்த அந்தச் சுண்ணாம்புத் தூணில், ஆக்சிஜன் ஐசோடோப்பின் விகிதம் ஓரிடத்தில் சட்டென்று மாறுகிறது. பருவமழை தளர்ந்ததன் பதிவு அது. கி.பி. 2000த்திலிருந்து 4,250 ஆண்டுகளுக்கு முன் என்று அதன் வயதைக் கணித்திருக்கிறார்கள். நீங்களும் நானும் வாழ்ந்துகொண்டிருப்பது மேகாலயன் கட்டத்தில்.

அதற்கு மேல் ஆந்த்ரோபோசீன் என்று மனிதனின் பெயரால் ஒரு சகாப்தம் வேண்டும் என்ற கோரிக்கை 2000த்திலிருந்து வலுத்துவந்தது. 2009இல் அமைந்த பணிக்குழு கடைசியில் கனடாவின் கிராஃபர்ட் ஏரியின் அடிவண்டலை ஆணிக்கு முன்மொழிந்தது. ஆண்டுக்கொரு பட்டையாகப் படியும் அந்த வண்டலில், 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த புளுட்டோனியம் தெளிவாகத் தெரிகிறது. 2024 மார்ச்சில் துணை ஆணையம் அதை 12க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தது. மனிதன் பூமியை மாற்றிவிட்டான் என்பதை மறுத்து விழுந்த வாக்குகள் என்று இதைப் படிப்பது தவறு. வேளாண்மையும் காடழிப்பும் பல்லாயிரம் ஆண்டுகளாக இடத்துக்கிடம் வேறு வேறு காலத்தில் நடந்தவை என்னும்போது, ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கும் வண்டலைச் சகாப்தம் என்று வரையறுக்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. என் கருத்தைக் கேட்டால், அந்த நிராகரிப்பு சரியே. சொல் பொது வழக்கில் இருக்கட்டும். அட்டவணையில் ஏறுவதற்கு அவசரமில்லை.

ஆக, தேர்விலோ கட்டுரையிலோ எந்த எண்ணை எழுதுவது என்றால், ஆணையம் வெளியிடும் அட்டவணையின் புதிய பதிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் ஆண்டும் மாதமும் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணோடு அதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணுக்கு முன்னால் அலைக்குறி (~) இருந்தால் அந்த எல்லையின் வயது தோராயம் என்று பொருள். எல்லைக் கோட்டின் ஓரத்தில் சிறிய தங்க ஆணிப் படம் இருந்தால், அந்த எல்லை உலகின் ஏதோ ஒரு பாறையில் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது என்று பொருள்.